'கருக்கு' படித்த பிள்ளையின் குறிப்புக்கு மார்க் போடலாமா?

எருத்தேம்பதி வாசகர் | 20.06.2024, காலை 7.10

கேரளப் பள்ளிக்கூடங்கள்ல வாயனவாரம், அதாவது வாசிப்பு வாரம் நடக்குது. நம்ம பாலக்காட்டுப் பக்கத் தமிழ் மீடியம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாமாவோட தன்வரலாறு 'கருக்கு' கொடுத்து, படிச்சிட்டுத் 'தனிப்பட்ட எதிர்வினை' எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. நாலு பக்கம், இருபது மார்க். என் கருத்து இதுதாங்க: தனிப்பட்டதுன்னு சொல்லிட்டா அப்புறம் மார்க் போடக்கூடாது. மனசில பட்டதை எழுதினா அதில சரி ஏது, தப்பு ஏது? மார்க்னு வந்துட்டா பிள்ளை டீச்சருக்குப் பிடிச்ச மாதிரி அழ ஆரம்பிச்சிரும். கஷ்டப்பட்ட பால்யத்தைப் பத்தின புத்தகத்தைச் சும்மா படிக்க விடுங்க.

சித்தூர் டீச்சர் | 20.06.2024, இரவு 9.40

அழுகைக்கு மார்க் கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன். சரி தப்பே கிடையாது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். உணர்ச்சியில் தப்பு கிடையாது, வாசிப்பில் உண்டு. புத்தகத்தில் நடக்காததை நடந்ததாக எழுதுவது தப்பு. முழுப் புத்தகத்தையும் 'சாதிக் கொடுமையைச் சித்திரிக்கிறது' என்று ஒரே வரியில் கட்டி வைப்பது சோம்பல்.

தன்வரலாற்றில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அனுபவித்த குழந்தை ஒருத்தி, பல வருஷம் கழித்து உட்கார்ந்து எழுதுகிற பெரியவள் இன்னொருத்தி. இருவருக்கும் ஒரே உடம்புதான், ஆனால் குழந்தைக்குத் தெரியாத பலது பெரியவளுக்குத் தெரியும். மாணவர் அந்த இடைவெளியைக் கண்டாரா, கண்டு அதில் எங்கே நின்றார் என்பதற்குத்தான் மார்க்.

எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் ஒரு சின்னப் பலகாரப் பொட்டலத்தை அதன் கயிற்றை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கிறாள். பொட்டலத்தில் கை படவே இல்லை. களத்தில் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மேல்சாதி நிலக்காரரான நாயக்கரிடம் குனிந்து நீட்டுகிறார், அவர் பிரித்துத் தின்கிறார். அவ்வளவு பெரிய ஆள் இத்தனூண்டு பொட்டலத்தை அப்படித் தூக்கி வருவது அவளுக்குச் சிரிப்பாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அதை வேடிக்கையாகச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அந்தக் கை பட்டால் பலகாரம் தீட்டாகிவிடும் என்று நினைக்கிறார்கள், அதனால்தான் கயிற்றைப் பிடித்தார் என்கிறான். சிரிப்பு அங்கே நின்று கோபம் வருகிறது.

பெரும்பாலான பிள்ளைகள் கோபத்திலிருந்து எழுதத் தொடங்குகிறார்கள், சிரிப்பை விட்டுவிடுகிறார்கள். விட்டால் காட்சியே போயிற்று. எழுதும்போது பாமாவுக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் முதலில் சிரிப்பைத்தான் வைக்கிறார். நாமும் சிறுமியோடு சேர்ந்து சிரிக்கத் தயாராகும் நேரத்தில் அண்ணன் வாய் திறக்கிறான். 'படிக்கும்போது எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது' என்று ஒரு மாணவர் துணிந்து எழுதினால், அந்த ஒரு வரிக்கே நான் மார்க் கொடுப்பேன்.

வேலந்தாவளம் | 21.06.2024, காலை 6.55

டீச்சர், இடைவெளி அது இதுன்னு சொன்னா பிள்ளைகளுக்குப் புரியாதுங்க. பேனாவைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்காங்க, முதல் வரி வரமாட்டேங்குது. என்ன செய்யணும்னு வரிசையாச் சொல்லுங்க.

சித்தூர் டீச்சர் | 21.06.2024, மாலை 5.20

சொல்கிறேன்.

முதல் வாசிப்பு பென்சில் இல்லாமல். சின்னப் புத்தகம்தான், இரண்டு மூன்று மாலைகளில் முடியும். முடித்த அன்றே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மனசில் நிற்பதை ஐந்து வரி எழுத வேண்டும். திறந்து சரிபார்க்கக் கூடாது. எது தங்கியிருக்கிறதோ அதுதான் உங்கள் எதிர்வினையின் மூலப்பொருள். ஒரு நாள் தள்ளிப் போட்டால் வகுப்பில் மற்றவர்கள் பேசியதெல்லாம் உங்கள் நினைவாக உள்ளே வந்துவிடும்.

இரண்டாவது வாசிப்பு அந்த ஐந்து வரியில் வந்த பகுதிகளை மட்டும், பென்சிலோடு. ஓர் அத்தியாயத்துக்கு மூன்று கோட்டுக்கு மேல் போடக் கூடாது. பக்கம் முழுக்கக் கோடு போட்டவர் பிறகு எதையும் எடுக்க முடியாமல் தவிப்பார். கோட்டின் ஓரத்தில் ஏன் போட்டோம் என்று இரண்டு வார்த்தை. 'அருமை' என்று எழுதக் கூடாது. 'ஏன் சிரித்தாள்', 'பாட்டி பேசவில்லை' இந்த மாதிரி.

மூன்றாவது, ஒரே ஒரு காட்சி. ஒரு தாளைப் படுக்கவாட்டில் வைத்து மூன்றாக மடியுங்கள். முதல் பத்தியில் நடந்தது, கண்ணால் பார்க்கக்கூடியது மட்டும். இரண்டாவதில் அந்த நேரத்தில் குழந்தைக்குத் தெரிந்தது. மூன்றாவதில் எழுதுகிறவருக்கு இப்போது தெரிந்தது. பொட்டலக் காட்சிக்கு முதல் பத்தியில் கயிறு, களம், குனிந்த முதுகு வரும். இரண்டாவதில் 'வேடிக்கை' என்று மட்டும் வரும். மூன்றாவது பத்தி சில காட்சிகளுக்குக் காலியாகவே இருக்கும், அதாவது எழுதுகிறவர் அங்கே விளக்கம் சொல்லாமல் விட்டிருக்கிறார். காலியாக இருக்கிற இடத்தில் பிள்ளைகள் நீதி எழுதி நிரப்பப் பார்ப்பார்கள். நிரப்ப விடாதீர்கள். அங்கே ஒரு கேள்விக்குறி போடச் சொல்லுங்கள், பின்னால் உதவும்.

நான்காவது, 'எனக்கு என்ன தோன்றியது' என்று கேட்டுக்கொள்வதைவிட 'நான் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று கேட்டுக்கொள்வது பலன் தரும். சிறுமியையா, பெரியவரையா, தின்றுகொண்டிருந்தவரையா, அண்ணனையா? பதில் ஆளுக்கு ஆள் மாறும். தனிப்பட்ட எதிர்வினை அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

அளவு: நாலு பக்கத்தில் கதைச் சுருக்கம் அரைப் பக்கம். காட்சி ஒன்றரைப் பக்கம். நீங்கள் நின்ற இடம் ஒன்றரைப் பக்கம். மிச்ச அரைப் பக்கம் இன்னும் பிடிபடாததற்கு, அந்தக் கேள்விக்குறிகளுக்கு. முதல் வரியில் ஆசிரியர் பிறந்த ஊரும் வாங்கிய விருதும் வேண்டாம், காட்சிக்குள்ளேயே தொடங்கலாம். எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்து, 'நெஞ்சை உருக்கும்', 'கண்ணீரை வரவழைக்கும்', 'நெகிழ வைத்தது' என்பதையெல்லாம் அடித்துப் பாருங்கள். அடித்த பிறகும் வாக்கியம் நின்றால் சொல்ல ஏதோ இருக்கிறது. சரிந்து விழுந்தால் காட்சிக்குத் திரும்பிப் போய் இன்னும் ஒரு தகவல் எடுத்துவர வேண்டும்.

பொள்ளாச்சி ரோடு | 21.06.2024, இரவு 10.15

'கருக்கு' நாவல்தானே? நாவல்னுதான் அலமாரில வச்சிருக்காங்க. 'கதாநாயகி'ன்னு எழுதினா என்ன குத்தம்? அப்புறம், தமிழ்ல முதல் தலித் தன்வரலாறு கே.ஏ. குணசேகரனோட 'வடு' இல்லீங்களா?

வாயனசாலை | 22.06.2024, காலை 8.30

'வடு' வந்தது 2005. 'கருக்கு' 1992. பதின்மூணு வருஷ வித்தியாசம். 'கருக்கு'க்குப் பிறகு பாமா எழுதின 'சங்கதி' 1994. லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் ஆங்கிலத்துல கொண்டுவந்த 'கருக்கு' 2000. அலமாரில நாவல் பக்கத்துல இருக்கறதுக்குக் காரணம், அது பிறந்தேன் வளர்ந்தேன்னு வரிசையாப் போகாது. ஊரு, வேலை, விளையாட்டு, படிப்பு, கோயில்னு ஒவ்வொண்ணா எடுத்து, அதே வாழ்க்கையைத் திரும்பத் திரும்பச் சுத்தி வரும். பேச்சுத் தமிழ்லயே முழுசும் போகும். அதனால கதைபோலத் தோணும். வயசு வரிசைல சுருக்கம் எழுதப் பாக்கற பிள்ளைங்க அங்கதான் மாட்டிக்கும். சுருக்கம் எழுதணும்னா புத்தகம் போற வழியிலயே, பொருள்வாரியா எழுதட்டும்.

இன்னொண்ணு. வாயனதினம் ஜூன் 19. பி.என். பணிக்கர் 1995ல காலமான நாள், 1996ல இருந்து கொண்டாடறோம். 1945லயே அம்பலப்புழைல வாயனசாலைகளை, அதாவது ஊர் நூலகங்களையெல்லாம் ஒண்ணு சேர்த்தவர் அவர். அந்த ஒரு வாரத்துல குறிப்பு எழுதி வாங்கிடணும்னு அவசரப்படுத்தறது அவர் செஞ்ச வேலைக்கு நியாயமில்லை. ரெண்டு வாசிப்புக்கு ஒரு வாரம் பத்தாது.

சித்தூர் டீச்சர் | 22.06.2024, மாலை 4.05

வாயனசாலை மாஷ் (சார்) சொன்னதோடு 'கதாநாயகி' பற்றி ஒன்று சேர்க்கிறேன். அந்தச் சொல் வந்தால் கூடவே கேள்விகளும் மாறிவிடுகின்றன. நாவலில் 'ஆசிரியர் ஏன் இவளை இப்படி நடக்க வைத்தார்' என்று கேட்கலாம். தன்வரலாற்றில் நடந்ததை மாற்ற முடியாது. அங்கே 'இத்தனை நடந்ததில் இதை ஏன் தேர்ந்தெடுத்தார், இதை ஏன் இந்த இடத்தில் வைத்தார்' என்றுதான் கேட்க வேண்டும். சிறு வயதுப் பேச்சு சொல்லுக்குச் சொல் யாருக்கும் நினைவிருக்காது. உரையாடல் வருகிற இடமெல்லாம் பெரியவள் மறுபடி கட்டியது. அதைப் பொய் என்று குற்றம் சாட்ட வேண்டியதில்லை, கவனிக்காமல் தாண்டவும் வேண்டியதில்லை. பெயர் சொல்லும்போது குழந்தையைச் 'சிறுமி' என்றும் எழுதுகிறவரைப் 'பாமா' என்றும் பிரித்து வைத்துக்கொண்டால் நாலு பக்கமும் குழப்பமில்லாமல் போகும்.

இந்தப் பிரிவைப் பழக இன்னொரு புத்தகத்தின் தொடக்கம் போதும். 1913-14இல் வந்த ரஷ்ய எழுத்தாளர் கார்க்கியின் பால்ய கால நினைவுகள் அப்பாவின் சவத்தோடு தொடங்கும். அம்மா அழுதுகொண்டே சீப்பை எடுத்து அப்பாவின் தலைமுடியைச் சீவிக்கொண்டிருப்பாள். பிறகு மழை நாளில் புதைகுழி. குழிக்குள் தவளைகள். மண்ணைத் தள்ளி மூடிய பிறகு அந்தப் பையனுக்கு உள்ளே மாட்டிக்கொண்ட தவளைகளின் கவலை, அவை வெளியே வருமா என்று பாட்டியிடம் கேட்கிறான். மூன்று பத்தித் தாளில் இதை எழுதிப் பாருங்கள். இரண்டாவது பத்தியில் தவளை மட்டும் இருக்கும். 'தந்தையை இழந்த சோகம்' என்று எழுதுகிற மாணவர் மூன்றாவது பத்தியை இரண்டாவதில் கொட்டிவிட்டார் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

வாயனசாலை | 22.06.2024, இரவு 7.50

நம்ம பிள்ளைங்க மலையாள வகுப்புல கேட்டிருக்கிற ஒண்ணும் இதுக்கு ஒத்துவரும். வி.டி. பட்டதிரிப்பாடோட 'கண்ணீரும் கினாவும்', 1970. சாதியில உச்சியில இருந்த வீட்டுப் பையன். வேதம் ஓதத் தெரியும், தாய்மொழி எழுத்து தெரியாது. ஷொர்ணூர் பக்கம் முண்டமுக சாஸ்தா கோயில்ல சாந்திக்காரரா, அதாவது பூசாரியா இருந்தப்ப, ஒரு பள்ளிக்கூடத்துச் சின்னப் பொண்ணுகிட்டத்தான் எழுத்தே படிச்சார். சர்க்கரை பொதிஞ்சு வந்த காகிதத்துல 'மான் மார்க் குடை'ங்கற விளம்பரத்தை எழுத்துக் கூட்டிப் படிச்ச சந்தோஷத்தை எழுதியிருக்கார். பசியும் அடியும் இல்லாத கஷ்டமும் உண்டுன்னு பிள்ளைங்களுக்குக் காட்டலாம். ஆனா ரெண்டையும் ஒரே தராசுல வச்சு 'எல்லாருக்கும் கஷ்டம்தான்'னு முடிச்சிட விடக்கூடாது. ஒருத்தருக்குப் படிப்பை மறைச்சது சொந்த வீட்டு ஆசாரம். இன்னொருத்தருக்கு, அதாவது 'கருக்கு'ச் சிறுமிக்கு, படிப்பு ஒண்ணுதான் வெளியேற வழின்னு அண்ணன் சொல்றான்.

கவுன்சலிங் டீச்சர் | 23.06.2024, காலை 11.00

யாரும் தொடாத ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கஷ்டப்பட்ட பால்யத்தைப் பற்றிய புத்தகத்தைக் கொடுத்துத் 'தனிப்பட்ட' என்ற சொல்லையும் சேர்த்தால், தன் வீட்டுக் கதையைக் கேட்கிறார்கள் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். அடி வாங்குகிற பிள்ளை, அப்பா குடிக்கிற வீட்டுப் பிள்ளை, அதைவிட மோசமானதைச் சுமக்கிற பிள்ளை எல்லோரும் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். ஆகவே புத்தகத்தைக் கையில் கொடுக்கும் முன்பே வாய் திறந்து சொல்ல வேண்டியது மூன்று. சொந்த வாழ்க்கையை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, எழுதாவிட்டால் மார்க் குறையாது. இதை யார் யார் படிப்பார்கள் என்பது. இந்தப் புத்தகம் தாங்காது என்றால் காரணம் சொல்லாமலே வேறு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம் என்பது. நல்லதாக இருக்கிறது என்று ஒரு பிள்ளையின் குறிப்பை வகுப்பில் உரக்கப் படிக்காதீர்கள். பாராட்டாக நினைத்துச் செய்வதில் அந்தப் பிள்ளை ஒரு வருஷத்துக்கு வாய் மூடிவிடும்.

பாலியல் துன்புறுத்தல் பற்றி ஒரு வரி வந்தாலும் அது மார்க் போடுகிற தாள் இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19வது பிரிவின்படி, தெரிந்துகொண்டவர் சிறார் சிறப்புப் போலீஸ் பிரிவுக்கோ உள்ளூர்ப் போலீஸுக்கோ தகவல் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காமல் விட்டால் 21வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன், என் வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. பிள்ளையைக் கூப்பிட்டு விசாரணை பண்ணாதீர்கள், 'ஏன் முன்னாலேயே சொல்லவில்லை' என்று கேட்காதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தாளை அப்படியே வைத்திருங்கள். திருத்தி எழுதச் சொல்லக் கூடாது, ஸ்டாஃப் ரூமில் கை மாறக் கூடாது. குழந்தைகளுக்கான 1098 எண்ணைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டினாலும் சரி.

எருத்தேம்பதி வாசகர் | 23.06.2024, பகல் 1.30

இதைத்தாங்க நானும் பயந்தேன். மார்க்குக்காக ஒரு பிள்ளை தன் வீட்டை விக்கக் கூடாது. விக்க எதுவும் இல்லாத பிள்ளை கஷ்டத்தைக் கற்பனை பண்ணி எழுதவும் கூடாது. ரெண்டும் நடக்குது.

சித்தூர் டீச்சர் | 23.06.2024, இரவு 9.15

நடக்கிறதுதான். அதற்காகவே நான் இரண்டு நோட்டுச் சொல்வேன். ஒன்று வீட்டிலேயே இருக்கும், யாருக்கும் காட்ட வேண்டாம், அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். இன்னொன்று கொடுக்கிற நோட்டு. முதல் நோட்டில் எழுதித் தீர்த்தவர்களுக்கு இரண்டாவதில் காட்சிக்குள் தங்க முடிகிறது. முதல் நோட்டே இல்லாதபோதுதான் 'என் வாழ்விலும் இதுபோல்' என்று தொடங்கி, மூன்று பக்கம் புத்தகத்தை விட்டே போய்விடுகிறார்கள்.

'நீங்கள் நின்ற இடம்' என்று நான் முன்னால் சொன்னதைச் சொந்தக் கதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எதைக் கண்டு தயங்கினேன், எங்கே பக்கத்தை வேகமாகத் திருப்பினேன், யார்மேல் அநியாயமாகக் கோபப்பட்டேன் என்பதெல்லாம் நிற்கிற இடம்தான்.

பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நாயக்கர் வீடுகளில் பாடுபடுகிற பாட்டி கையைக் குவித்து நிற்க, அந்த வீட்டுப் பெண் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிறாள். மிஞ்சின சோற்றைப் பாட்டி வாங்கிவருகிறாள். அதெல்லாம் வேண்டாம் என்று பேத்தி சொன்னால், சோறு போடுகிற மகராசன்கள், அவர்கள் இல்லாமல் எப்படிப் பிழைப்பது என்று பாட்டி அவர்கள் பக்கம் பேசுகிறாள். இங்கே பல பிள்ளைகள் பாட்டிமேல் எரிந்து விழுவார்கள். 'விழிப்புணர்வு இல்லாதவர்' என்று எழுதுவார்கள். பேத்திக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, அண்ணன் இருந்தான். பாட்டிக்கு அந்த வீடுகள்தான் இருந்தன. எழுதுகிற பாமா பாட்டியைக் குற்றவாளி ஆக்கவில்லை, பாட்டியின் பேச்சைப் பாட்டியின் குரலிலேயே விட்டிருக்கிறார். ஏன் விட்டார் என்று யோசிக்கிற மாணவர், தன் கோபம் எங்கே போய் இறங்கியது என்பதையும் பார்த்துவிடுவார். அதற்கு அவர் தன் வீட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

மூணாறு | 24.06.2024, காலை 6.20

இங்க எஸ்டேட்டுப் பிள்ளைக எழுதினா 'இது எங்க லயம் மாதிரியே இருக்கு'ன்னுதான் தொடங்குதுக. வரிசை வீடு, பொதுக் குழாய், விடிஞ்சா அம்மா கொழுந்தெடுக்கப் போறது. அது நெசந்தான். ஆனா ரெண்டாம் பக்கத்துக்கு வரும்போது 'கருக்கு' காணாமப் போயிருது. என்ன பண்ண?

சித்தூர் டீச்சர் | 24.06.2024, காலை 8.00

'மாதிரியே' என்று ஒரு வாக்கியம் எழுதினால், 'மாதிரி இல்லாதது' என்று இரண்டு வாக்கியம் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள். 'கருக்கு'வில் வேலை வாங்குகிறவர் அதே ஊர்க்காரர், முகம் தெரியும், தண்ணீர் ஊற்றுகிற கை தெரியும். எஸ்டேட்டில் கம்பெனி. கொழுந்து எடை போடும் இடத்தில்தான் தொழிலாளியும் நிர்வாகமும் நேருக்கு நேர் நிற்பது. அங்கே லயம் வேலையோடு ஒட்டியது, வேலை போனால் வீடும் போகும். 'கருக்கு'வில் தெருவே சாதியால் பிரிந்தது. வித்தியாசத்தை எழுதும்போது புத்தகமும் தெளியும், தங்கள் ஊரும் தெளியும். 2015 செப்டம்பரில் மூணாற்றில் தோட்டத் தொழிலாளிப் பெண்கள், தொழிற்சங்கங்களை நம்பாமல் தாங்களாகவே ரோட்டில் உட்கார்ந்து போனஸ் கேட்டதை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பாட்டி எதிர்த்துப் பேசாத இடத்தைப் படிக்கும்போது அவர்களுக்கு அது நினைவுக்கு வந்தால் வரட்டும், ஆனால் அதை வைத்துப் பாட்டியைச் சின்னவளாக்க வேண்டாம்.

கவுன்சலிங் டீச்சர் | 24.06.2024, காலை 9.45

மூணாறுக்காரருக்கு: 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடி எஸ்டேட்டில் நிலச்சரிவில் லயங்களோடு 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். அந்தப் பக்கத்து வகுப்பில் கார்க்கியின் புதைகுழிப் பகுதியைப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். பொட்டலக் காட்சியே போதும்.

வேலந்தாவளம் | 24.06.2024, இரவு 8.40

இன்னொரு பக்கமும் இருக்குங்க. தோப்பு, களம்னு வச்சிருக்கற வீட்டுப் பிள்ளைங்க 'இதெல்லாம் அந்தக் காலம், இப்ப எங்க ஊர்ல இல்லை'ன்னு எழுதிட்டு வருதுங்க. பொய் சொல்றதா நினைக்கல. அதுங்களுக்குத் தெரியவே தெரியல.

சித்தூர் டீச்சர் | 25.06.2024, மாலை 6.30

நல்ல இடத்தைத் தொட்டீர்கள், இதைத்தான் நிதானமாகப் பேச வேண்டும். அந்தப் பிள்ளையைத் திட்டினால் அடுத்த தாளில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கும், அதுவும் எதிர்வினை ஆகாது. 'எங்கள் முன்னோர் சார்பில் வெட்கப்படுகிறேன்' என்று ஒரு வரி, பிறகு நாட்டுக்கு அறிவுரை. காட்சி அப்போதும் படிக்கப்படாமலே கிடக்கும்.

பொட்டலத்தை வாங்கிய ஆள் பக்கம் நின்று அந்த மூன்று பத்தித் தாளை மறுபடி எழுதச் சொல்லுங்கள். நாயக்கர் அந்த நேரத்தில் எதைக் கவனித்தார்? வேலை நடக்கிறதா என்பதை, பலகாரத்தை. கயிற்றைப் பிடித்திருந்த கையை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை, அவருக்கு அது தினப்படி நடப்பது. பார்க்க வேண்டிய தேவை இல்லாதவருக்குக் கண்ணில் படாது. இதைக் கண்டுபிடித்த பிள்ளையிடம் அடுத்த கேள்வியைக் கேட்கலாம்: உங்கள் தோப்பில் தேங்காய் போட வருகிறவர், களையெடுக்க வருகிறவர், எந்த டம்ளரில் குடிக்கிறார், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார், வாசலா திண்ணையா மாட்டுக் கொட்டகைப் பக்கமா, கூலியைக் கையில் கொடுக்கிறார்களா கீழே வைக்கிறார்களா, உங்களைவிட வயதில் மூத்தவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? பதிலைத் தாளில் எழுதச் சொல்லக் கூடாது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, 'இப்ப இல்லை' என்ற வரியை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். சில பிள்ளைகள் வரியை வைத்துக்கொள்வார்கள். அவர்கள் பார்த்தது அதுவாக இருந்தால் இருக்கட்டும், ஆனால் எதைப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு சான்று வேண்டும்.

தென்னை மரக் காட்சியும் இவர்களுக்கு உதவும். பள்ளி வளாகத்தில் சாய்ந்து வளர்ந்த தென்னையில் பிள்ளைகள் எல்லோரும் ஓடி ஏறி, உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கி விளையாடுகிறார்கள். சிறுமி தொடும்போது ஒரு காய் விழுந்துவிடுகிறது. மறுநாள் அவளைத் திருடி என்று தலைமையாசிரியர் எல்லோர் முன்னாலும் ஏசுகிறார், அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பதே சாட்சியாகிவிடுகிறது. தென்னைக்கு நடுவில் வளர்கிற நம் பிள்ளைகளுக்குக் காய் எப்போது தானாக விழும் என்று தெரியும். அந்த அறிவோடு படித்தால், விசாரணையே நடக்கவில்லை என்பது அவர்களுக்கு மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிடச் சட்டென்று பிடிபடும். அதை எழுதட்டும்.

பிளஸ் டூ மாணவி, கொழிஞ்சாம்பாறை | 25.06.2024, இரவு 9.50

டீச்சர், 'கருக்கு' பேச்சுத் தமிழ்லதான் இருக்கு. அப்ப நானும் எங்க பேச்சுலயே எழுதலாமுங்களா? வீட்ல தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவோம். கைடுல இருக்கற மாதிரி எழுதினா அது என்னோடது இல்லாத மாதிரி இருக்கு.

சித்தூர் டீச்சர் | 26.06.2024, காலை 7.15

எழுதலாம், கண்ணு. கொடுக்கிற நோட்டில் தாராளமாக எழுதலாம், வீட்டில் புழங்குகிற மலையாளச் சொல் வந்தாலும் மேற்கோள் குறி போட்டு ஒதுக்கி வைக்க வேண்டாம். முதலில் ஒரு வேலை: புத்தகத்தின் ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படி. அது விருதுநகர்ப் பக்கத்துப் பேச்சு, உன் பேச்சு வேறு. அந்தப் பேச்சைக் காப்பி அடிக்காதே. நடுவில் மாறவும் மாறாதே. காட்சியைப் பேச்சில் தொடங்கி 'இவ்வாறாக ஆசிரியர் எடுத்தியம்புகிறார்' என்று முடித்தால் இரண்டு ஆள் எழுதியது போல் இருக்கும். பரீட்சைத் தாள் வேறு யாரோ திருத்துவது, அங்கே மட்டும் எழுத்துத் தமிழ். அதற்கும் இதே குறிப்பை முதலில் பேச்சில் எழுதி, பிறகு வரி வரியாக மாற்று. நேராக எழுத்துத் தமிழில் உட்கார்ந்தால் கைடு வாக்கியங்கள் முந்திக்கொண்டு வந்துவிடும்.

சித்தூர் டீச்சர் | 26.06.2024, இரவு 8.10

மார்க் விஷயத்துக்கு வருகிறேன். இருபதை நான் பிரிப்பது இப்படி. காட்சியைப் புத்தகத்தில் உள்ளபடி சொன்னதற்கு 6. குழந்தைக்குத் தெரிந்ததையும் எழுதுகிறவருக்குத் தெரிந்ததையும் பிரித்துப் பார்த்ததற்கு 6. தான் நின்ற இடத்தைச் சான்றோடு சொன்னதற்கு 5. மொழிக்கு 3. சொந்தக் கஷ்டத்துக்கு ஒன்றுமில்லை, கண்ணீருக்கு ஒன்றுமில்லை, 'சாதி ஒழிய வேண்டும்' என்ற கடைசிப் பத்திக்கும் ஒன்றுமில்லை. கடைசிப் பத்தியில் சொல்லும் கருத்து எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அதைப் புத்தகத்தைத் திறக்காமலே எழுத முடியும். இந்தப் பிரிவைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட வேண்டும்.

எருத்தேம்பதி வாசகர் | 27.06.2024, காலை 7.00

எண்ணே வேண்டாங்கறதுல நான் மாறலைங்க, டீச்சர். ஆனா நீங்க சொல்ற மாதிரி பிரிச்சா, பிள்ளை அழுது காட்ட வேண்டியதில்லைன்னு தெரியுது. அப்ப முதல் தாளுக்காவது எண் வேண்டாம். ஓரத்துல ரெண்டு கேள்வி மட்டும் எழுதிக் கொடுங்க. எண்ணைப் பாத்துட்டா பிள்ளைங்க கேள்வியைப் படிக்கறதில்லை.

சித்தூர் டீச்சர் | 27.06.2024, இரவு 9.00

ஏற்கிறேன். முதல் தாளுக்கு எண் இல்லை, ஓரத்தில் இரண்டு கேள்வி. இரண்டுக்கு மேல் போனால் பிள்ளை எதற்கும் பதில் எழுதாது. கேள்வி காட்சியைப் பற்றி இருக்க வேண்டும். 'அண்ணன் சொல்லும்போது சிறுமி என்ன செய்துகொண்டிருந்தாள்?' சரி. 'நீ ஏன் இதனால் பாதிக்கப்பட்டாய்?' கூடாது. ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டாவது தாள், அதற்கு மார்க். இரண்டு தாளையும் சேர்த்துக் கட்டி வாங்க வேண்டும், எது மாறியது என்று பார்க்க.

கவுன்சலிங் டீச்சர் | 27.06.2024, இரவு 9.30

மார்க் பட்டியலைச் சுவரில் ஒட்டினாலும் தாள்களைச் சுவரில் ஒட்டாதீர்கள். முடிந்ததும் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிளஸ் டூ மாணவி, கொழிஞ்சாம்பாறை | 28.06.2024, மாலை 5.40

டீச்சர், புத்தகத்தை மூடிட்டு எழுதின அஞ்சு வரியில, அந்தப் பெரியவரை நாயக்கர் திட்டினார்னு எழுதியிருக்கேன். திரும்பப் படிச்சா அப்படி இல்லவே இல்லை. வெட்டிடட்டுங்களா?

சித்தூர் டீச்சர் | 28.06.2024, இரவு 7.25

வெட்டாதே. அப்படியே விட்டு, பக்கத்தில் புத்தகத்தின் பக்க எண்ணைப் போட்டு, 'இங்கே திட்டு இல்லை' என்று எழுது. யாரும் யாரையும் திட்டாமலே அந்தக் காட்சி நடந்து முடிகிறது, நீ திட்டைச் சேர்த்துக்கொண்டாய். ஏன் சேர்த்தாய் என்பதற்கு நாலு வரி எழுது, அந்த நாலு வரியை நீ நின்ற இடத்தைச் சொல்லும் ஒன்றரைப் பக்கப் பகுதியின் தொடக்கத்தில் வை. சுருக்கத்தில் மட்டும் திட்டு வராமல் பார்த்துக்கொள்.